சோதிக்காமல் வாங்கச் சொல்லாதீர்கள்: ஏரிக்கரைப் பண்ணை வீடு விற்கும் டாலஸ் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாலஸ் புறநகர்களான ஃப்ரிஸ்கோவிலும் ப்ளேனோவிலும் இருந்துகொண்டு, வடக்கு டெக்சஸின் ஃபேனின் கவுண்டியில் போடார்க் ஏரிக்கரை வீடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நம் ஆட்களுக்கு வாங்கித் தரும் ரியல்டர்களுக்கும், அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் அண்ணன்மார் அக்காமாருக்கும்,

போன கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவு என் காதுக்கு வந்தது. இனி உங்கள் வழியாக ஏரிப்பக்கம் வீடு கேட்கிறவர்கள் ஆப்ஷன் பீரியடை, அதாவது வீட்டைச் சோதித்துப் பார்த்து வேண்டாமென்றால் விலகிக்கொள்ளும் அவகாசத்தை, விட்டுக்கொடுத்துவிட வேண்டும். இன்ஸ்பெக்ஷன் என்று இழுத்தால் விற்கிறவர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விடுவார். ஆகவே பார்த்த அன்றைக்கே கையெழுத்து. இதற்கு “சுத்தமான ஆஃபர்” என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த தம்பி ஒருவன் என்னைக் கூப்பிட்டான். மென்பொருள் வேலை, கைக்குழந்தை, இன்னும் ஹெச்-1பி விசாதான். “அக்கா, எல்லாரும் போடுறாங்க. நானும் போடவா?” என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பான்ஹம் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் குடியிருக்கிறேன். வீட்டோடு சேர்த்து 12 ஏக்கர். நர்ஸ் வேலை. வீடும் உங்களைப் போன்ற ஒரு தமிழ்த் தரகர் வழியாக வாங்கியதுதான். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் செய்ததைத்தான் இன்று நீங்கள் விதியாகவே ஆக்கியிருக்கிறீர்கள்.

டெக்சஸில் வீடு வாங்குகிறவர் ஒரு சிறு தொகை கொடுத்துச் சில நாள் அவகாசம் வாங்கிக்கொள்ளலாம், அதுதான் ஆப்ஷன் பீரியட். அந்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். முன்பணம் திரும்பி வரும். நகரத்தில் புதுக் குடியிருப்பில் வீடு வாங்குகிறவர் அதை விட்டுக்கொடுத்தால்கூட ஏதோ போகட்டும் எனலாம். அங்கே கழிவுநீர் நகராட்சிக் குழாயில் போகிறது, தண்ணீர் நகராட்சிக் குழாயில் வருகிறது, தெருமுனையில் தீயணைப்புக் குழாய் நிற்கிறது. இங்கே அது எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் அந்த வீட்டுக்காரர் தலையில். எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடவே ஒரு நாள் ஆகும் இடத்தில், பார்க்கவே வேண்டாம் என்கிறீர்கள்.

மண்ணிலிருந்து தொடங்குகிறேன். நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள். கரிசல் காடு கோடையில் கால் இறங்கும் அளவுக்கு வெடிப்பதையும், ஐப்பசி மழையில் ஊறி உப்புவதையும் பார்த்து வளர்ந்தவள். ஃபேனின் கவுண்டியில் நிறைய இடங்களில் அதே குணமுள்ள கறுப்புக் களிமண். அதன்மேல் சிமென்ட் தளம் போட்டுக் கட்டிய வீடு மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். எங்கள் வீட்டில் ஆகஸ்டு வந்தால் படுக்கையறைக் கதவு சட்டத்தில் இடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் சுவரில் படிக்கட்டு போல ஒரு விரிசல் இறங்கும். அஸ்திவாரத்தைச் சுற்றிச் சொட்டு நீர்க் குழாய் ஓட்டி மண்ணைக் காயவிடாமல் வைத்திருக்கிறோம். இது இங்கே எல்லார் வீட்டிலும் உள்ள சங்கதி, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த விரிசல் சாதாரணம், எந்த விரிசலுக்குத் தூண் இறக்கி வீட்டைத் தூக்க வேண்டும் என்று சொல்ல அஸ்திவாரம் தெரிந்த ஒரு பொறியாளர் வந்து மட்டம் பார்க்க வேண்டும். நீங்கள் விதியாக்கும் முன்பே இப்படிச் “சுத்தமான ஆஃபர்” போட்டு வாங்கிய ஒரு குடும்பம், குடிபுகுந்த முதல் கோடையிலேயே தூண் இறக்கும் ஆளைக் கூப்பிட்டது. ஆப்ஷன் இருந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்திருப்பார்கள்.

அந்தக் களிமண் தண்ணீரைக் குடிக்காது என்பதால் செப்டிக் டேங்கும் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்காது. இங்கே பெரும்பாலும் ஏரோபிக் அமைப்பு. காற்றடிக்கும் மோட்டார் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும். குளோரின் மாத்திரை போட வேண்டும். சுத்திகரித்த கழிவுநீரைத் தெளிப்பான் புல்தரையில் பீய்ச்சும். புதிதாகப் போட்டால் முதல் இரண்டு ஆண்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம். எங்களுக்கு வீடு காட்டிய நாளில் அந்தத் தெளிப்பானைத் தரகர் “புல்லுக்குத் தண்ணி விடுற சிஸ்டம்மா” என்று சொன்னார். என் பையன் அதில் ஓடி விளையாடினான். நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

வரிக்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்களுக்குப் பெரிய அடி விழுகிறது.

நீங்கள் கொடுக்கும் தாளில் போன ஆண்டின் வரி ரசீதை ஒட்டி, “இத்தனை ஏக்கருக்கு இவ்வளவுதான் வரி” என்று போடுகிறீர்கள். அந்தத் தொகை குறைவாக இருப்பதற்கு ஒரே காரணம், அந்த நிலத்தில் யாரோ ஒருவருடைய மாடு மேய்கிறது. டெக்சஸ் அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவிலிருந்து வந்த 1-டி-1 விதிப்படி, மேய்ச்சலிலோ பயிரிலோ இருக்கும் நிலத்துக்குச் சந்தை விலையில் வரி கிடையாது. அந்த நிலம் விவசாயத்தில் என்ன ஈட்டும் என்று பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். கடந்த 7 ஆண்டில் 5 ஆண்டாவது அப்படிப் பயன்பட்டிருக்க வேண்டும். ஏக்கருக்கு எத்தனை மாடு என்பதற்கு அந்தந்தக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகம் அளவு வைத்திருக்கிறது. வீடும் முற்றமும் உள்ள துண்டு இதில் சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளர் மாறினால் புதியவர் தன் பெயரில் மறுபடி மனுப் போட வேண்டும், ஏப்ரல் 30க்குள். தாமதமாகப் போட்டால் அபராதத்தோடு ஏற்க வாய்ப்புண்டு. அந்தக் கதவும் மூடிவிட்டால் அந்த ஆண்டு போனதுதான்.

“அதெல்லாம் நிலத்தோட வந்துடும்மா” என்றார் எங்கள் தரகர். வரவில்லை. அதோடு விடவில்லை அவர். வீடு காட்டும்போது சாணி வாடை அடிக்கக் கூடாதென்று, விற்றவரிடம் சொல்லி மாடுகளை வேறு பக்கம் ஓட்டச் செய்திருந்தார். நாங்கள் சாவி வாங்கியபோது பின்பக்கம் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, அழகாகத்தான் இருந்தது. அடுத்து வந்த ரசீதில் வீட்டுத் துண்டு போக மீதி 11 ஏக்கரும் முழுச் சந்தை மதிப்பில் ஏறியிருந்தது. வேலியடுத்த பண்ணைக்காரர் ஒருவர், எழுபது வயதிருக்கும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “மேம், உங்கள் புல் வீணாகிறது, என் மாட்டை விடட்டுமா?” என்று கேட்டார். அவர்தான் குத்தகைச் சீட்டு எழுதி, மனுவுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லி, மதிப்பீட்டு அலுவலகத்துக்கு வழியும் காட்டினார். கமிஷன் வாங்கியவர் செய்திருக்க வேண்டிய வேலை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏரி வந்துவிட்டது, இனி மனை போட்டால் பணம் என்று 40 ஏக்கர், 50 ஏக்கரைப் பத்துப் பேராகச் சேர்ந்து எல்எல்சி என்ற கூட்டு நிறுவனம் வைத்து வாங்கச் சொல்கிறீர்கள். மேய்ச்சல் நிலத்தை வீட்டு மனையாக மாற்றினால் பழைய ஆண்டுகளின் வரி வித்தியாசத்தை எடுத்து வைக்க வேண்டும். முன்பு 5 ஆண்டுக்கு, வட்டியோடு. 2019இல் அதை 3 ஆண்டாகக் குறைத்தார்கள், 2021இல் வட்டியை நீக்கினார்கள். அப்படிக் குறைத்த பிறகும், ஏரியால் நிலத்தின் விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் அந்த வித்தியாசம் சின்னத் தொகை இல்லை. அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரிடம் இதைச் சொன்னீர்கள்? அடுத்தவர் உழைப்பில் லாபம் வரும் என்று சொல்லிப் பங்கு விற்றால் அது நில வியாபாரமாக மட்டும் இருக்காது, பங்குப் பத்திரச் சட்டத்துக்குள்ளும் வரும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இலேயே, ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டத் துண்டுகள் பற்றிய ஹோவி வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஏரி. உங்கள் விளம்பரப் படத்தில் வீட்டுத் திண்ணையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் ஒரு படகுத்துறை இறங்குகிறது. யார் வரைந்ததோ. இந்த ஏரி உல்லாசத்துக்குத் தோண்டியதில்லை. நார்த் டெக்சஸ் முனிசிபல் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் என்ற நீர் வாரியம், வளர்ந்துகொண்டே போகும் ஊர்களுக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று கட்டியது. 2018இல் வேலை தொடங்கி, 2021 ஏப்ரலில் தண்ணீர் தேக்க ஆரம்பித்து, 2024 ஏப்ரலில் மீன்பிடிக்கவும் படகு விடவும் திறந்தார்கள். 16,641 ஏக்கர் பரப்பு. டெக்சஸில் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் கட்டிய முதல் பெரிய நீர்த்தேக்கம். இதன் தண்ணீர் லெனர்ட் ஊரிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி உங்கள் ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ பக்கத்துக் குழாய்களுக்குத்தான் போகிறது. நீங்கள் அங்கே புல்தரைக்கு விடுகிற தண்ணீர் இங்கே கரையில் குறையும். வறட்சி வந்தால் இன்னும் இறங்கும். பெருமழையில் ஏறும்.

இதைச் சொல்லச் சட்டமே இருக்கிறது. 5,000 ஏக்கர்-அடியோ (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி) அதற்கு மேலோ கொள்ளளவுள்ள நீர்த்தேக்கத்தை ஒட்டிய சொத்தை விற்கும்போது, நீர்மட்டம் ஏறி இறங்கும் என்ற அறிவிப்பை வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும். இந்த ஏரியின் கொள்ளளவு 3,67,000 ஏக்கர்-அடிக்கு மேல். உங்களிடம் வாங்கிய எனக்குத் தெரிந்த ஒருவரும் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. அல்லது நாற்பது பக்கக் கையெழுத்துக் கட்டுக்குள் அது எங்கோ போயிருக்க வேண்டும். 2019 முதல், விற்பவர் தரும் விவரப் படிவத்தில் வெள்ளம் பற்றிய கேள்விகளும் விரிவாக இருக்கின்றன: வெள்ளம் புகுந்ததா, வெள்ளச் சமவெளியில் இருக்கிறதா, நீர்த்தேக்கத்தின் வெள்ள எல்லைக்குள் வருகிறதா என்று. ஆனால் அது வீட்டுக்கான படிவம். வீடில்லாத வெற்று நிலத்துக்கு அந்தப் படிவம் கிடையாது. நீங்கள் விற்பதில் பாதி வெற்று நிலம்.

படகுத்துறை அவரவர் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்வதும் இல்லை. கரையோர நிலம் நீர் வாரியத்தின் கையில். எங்கே துறை போடலாம், எங்கே கூடாது என்று அவர்கள் கரை மேலாண்மைத் திட்டம் வைத்திருக்கிறார்கள். அனுமதி வாங்க வேண்டும். எல்லாக் கரைக்கும் கிடைக்காது. கண்ணெதிரே ஏரி கிடக்கிறதென்று மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கவும் முடியாது. ஊரக நீர் நிறுவனத்தில் மீட்டர் கேட்க வேண்டும், இல்லையென்றால் கிணறு தோண்டி ரெட் ரிவர் நிலத்தடி நீர் வாரியத்தில் பதிய வேண்டும்.

ஒப்பந்தப் படிவத்தையும் சொல்லிவிடுகிறேன். பண்ணை நிலத்துக்கென்றே டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையம் தனிப் படிவம் வைத்திருக்கிறது. மேய்ச்சல் குத்தகை யாருக்கு இருக்கிறது, மண்ணுக்கடியில் உள்ள கனிம உரிமை யாருடையது, பயிர் யாருக்கு, கேட் வேலி தொட்டி எது சேரும் எது சேராது என்றெல்லாம் அதில் இடம் உண்டு. எங்களுக்கு நகரத்து வீட்டுப் படிவத்தில் முடித்தார்கள். கனிம உரிமை எப்போதோ வேறொரு குடும்பத்துக்குப் போயிருப்பது வில்லங்கம் பார்த்த கம்பெனியின் தாளில்தான் தெரிந்தது. டெக்சஸில் அடியில் இருப்பதன் உரிமையாளருக்கு, அதை எடுக்கத் தேவையான அளவு மேல்நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. இந்தப் பக்கம் எண்ணெய்க் கிணறு பெரிதாக இல்லை, சரி. சொல்லாமல் விடுவதற்கு அது காரணமா?

விலையைப் பற்றியும் வாங்குகிறவரால் தானாகத் தெரிந்துகொள்ள முடியாது. இங்கே விற்ற விலையைப் பதிவேட்டில் சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தில் “10 டாலரும் பிற மதிப்புள்ள ஈடும்” என்ற பாணியில்தான் எழுதியிருக்கும். பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போனது என்பது உங்களைப் போல உரிமம் உள்ளவர்கள் கையில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் வாய்ச்சொல்லை அவ்வளவு நம்புகிறார்கள். தமிழில் சொல்கிறீர்கள், பொங்கல் விழாவில் பார்த்த முகம், குழந்தைகள் ஒரே தமிழ்ப் பள்ளி. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் உங்கள் வியாபாரம் நடக்கிறது.

கடைசியாக மாடுகள். சனிக்கிழமைகளில் நீங்கள் ஆட்களை வண்டி வண்டியாகக் கூட்டி வருகிறீர்கள். அண்மையில் அப்படி வந்தவர்கள் பக்கத்துப் பண்ணைக்காரரின் கேட்டைத் திறந்து உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்தபடியே விட்டுப் போனார்கள். அவர் அனுமதி யாரும் கேட்கவில்லை. அவர் நிலம் விற்பனைக்கும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் ஏரி நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். வேலை முடிந்து நான் திரும்பும்போது இருட்டிக்கொண்டிருந்தது. ஊர்ச்சாலை வளைவில் பத்துப் பன்னிரண்டு கறுப்பு மாடுகள். கறுப்புச் சாலையில் கறுப்பு மாடு. ஹெட்லைட் வெளிச்சத்தில் கண்கள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. எதிரே வந்த பிக்கப் வண்டி டயர் தேய நின்றது, முன்னால் ஒரு சினைக் கிடேரி. நான் விளக்கைப் போட்டுச் சாலையை மறித்து நின்றேன். பெரியவர் தீவனக் கட்டி மூட்டையோடு வந்து குலுக்கினார். அந்தச் சத்தத்துக்கு அதுகள் வரும். எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்க் கேட்டுக்குச் சங்கிலி போட்டு முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. மாட்டின் மேல் யாராவது மோதியிருந்தால் வழக்கு அவர் மேல்தான் வந்திருக்கும். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “உங்கள் ஊர்க்காரர்களா, மேம்?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

இந்தக் கவுண்டியில் நம்மவர்கள் வீடு வாங்கக் கூடாது என்று நான் எழுதவில்லை. வாங்கட்டும். குழந்தைகள் கன்றுக்குட்டி பார்த்து வளரட்டும். நான் இங்கேயேதான் இருக்கப் போகிறேன், விற்கிற எண்ணம் இல்லை. தெரிந்து வாங்கட்டும் என்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவை. ஆப்ஷன் பீரியடை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற உங்கள் விதியை அடுத்த கூட்டத்திலேயே, அதே மேடையில், திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே அப்படிக் கையெழுத்துப் போட்டு இன்னும் க்ளோசிங் ஆகாதவர்களை, அதாவது பத்திரம் முடியாதவர்களை, கூப்பிட்டு, அஸ்திவாரமும் செப்டிக்கும் பார்க்க விற்பவரிடம் நாள் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வரி ரசீதைக் காட்டும் ஒவ்வொரு தாளிலும், மாடு இல்லாவிட்டால் அதே நிலத்துக்கு என்ன வரி என்ற தொகையையும் பக்கத்திலேயே போடுங்கள். ஏப்ரல் 30 என்ற நாளைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நீர்மட்ட அறிவிப்பைத் தனியாக எடுத்து, தமிழில் விளக்கிவிட்டு, பிறகு கையெழுத்து வாங்குங்கள். விற்பது தமிழில் என்றால் எச்சரிப்பதும் தமிழில் இருக்கட்டும். பண்ணை நிலத்துக்குப் பண்ணைப் படிவத்தையே போடுங்கள். நீங்கள் விற்கிறவர் ஆளா, வாங்குகிறவர் ஆளா, இருவருக்கும் நடுவிலா என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கொடுங்கள். ஆள் சேர்த்துக் கொடுக்கிற அண்ணன் அக்காமாருக்கு உரிமம் இல்லையென்றால் கமிஷனில் பங்கு கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது, அதை நிறுத்துங்கள். உரிமையாளர் அனுமதி இல்லாமல் எந்தக் கேட்டையும் தொடாதீர்கள். அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்து நேரில் மன்னிப்புக் கேளுங்கள்; விலாசம் தெரியாவிட்டால் நான் கூட்டிப் போகிறேன்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்பு எழுத்தில் பதில் அனுப்புங்கள். வந்தால் ஒரு வரி வெட்டாமல் இந்த மடலுக்குக் கீழேயே போடுகிறேன். வராவிட்டால் இதே கேள்விகளை டெக்சஸ் ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் புகாராக, ஒப்பந்தப் பிரதிகளோடு அனுப்புவேன்.

இப்படிக்கு,
பான்ஹமில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்